புயலுக்குக் கிடைத்த வேலை

மனுஷரைவிடக் காக்கை அதிகமான ஓர் ஊரிலே ஒரு நாய்க் காப்பகம் இருந்ததாம். தெருவிலிருந்து மீட்ட ‘புயல்’ என்ற துறுதுறு நாயைக் கேட்டு, நாயே வளர்த்தறியாத கோமதியம்மாளும் கணவரும் வந்தார்கள்.

"முட்டிவலிக்காரங்க இதோட ஓடுவீங்களா? நாளை மத்தியானத்துக்குள்ள இதைக் களைச்சுப் படுக்க வைங்க, தர்றேன்" என்று சிரித்தார் காப்பகத் தலைவர்.

மறுநாள் காலை கோமதியம்மாள், காயாத கூழ்வடகத்தைத் துணியோடு காப்பக முற்றத்து வெயிலில் விரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். காக்கைகள் இறங்கின. புயல் பாய்ந்து விரட்டியது. மறுபடி இறங்கின, மறுபடி பாய்ந்தது.

"நாயே தின்னுடாதா?" என்று கேட்டார் தலைவர்.

"மிளகாய் தூக்கல் ஐயா. காக்காய்க்கு உறைக்காது, இதுக்கு உறைக்கும்."

மத்தியானம் புயல் கோமதியம்மாள் காலடியில் குறட்டை விட்டது.

"நீங்க ஓடவே இல்லையே!" என்றார் தலைவர்.

"காக்காய் பின்னால ஓட முடிஞ்சா நாய் எதுக்குய்யா கேக்கிறோம்? எங்க வீட்டு மாடி நிறைய வடகம் காயுதே!"

தலைவர் கயிற்றை நீட்டினார். களைத்த புயல், முட்டிவலிக்காரர்களின் நடைக்கு ஏற்ப மெல்ல நடந்து வாசலைத் தாண்டிப் போயிற்று.