பூட்டி வைத்த அறிவு

முன்னொரு காலத்தில் ஒரு மன்னனுக்குப் பட்டத்து யானை மேல் கொள்ளைப் பிரியம். அந்த யானை ஒருநாள் கவளத்தை முகர்ந்து பார்த்துத் தள்ளிவிட்டது. அப்புறம் எதையும் தொடாமல் சோர்ந்து படுத்துவிட்டது. மன்னன் பதறிப்போய் விசாரித்தான். களஞ்சியத் தலைவர், மடப்பள்ளித் தலைவர், வைத்தியர் எல்லாரிடமிருந்தும் ஒரே பதில்தான்: “என் பக்கம் ஒரு குறையும் இல்லை, மன்னா!”

மன்னனுக்குக் கோபம் தலைக்கேறியது. “இத்தனை அறிவாளிகள் இருந்து என்ன பயன்? இந்த அரண்மனையில் உள்ள அறிவு முழுவதும் பொழுது சாய்வதற்குள் ஒரே அறைக்கு வந்தாக வேண்டும்!”

அமைச்சர் விடங்கர் சட்டென்று எழுந்தார். விகடன் பூவராகனோடு மன்னன் சிரித்துப் பேசுவதே அவருக்கு ஆகாது. “அரசே, அது பூவராகனால்தான் ஆகும். முடியாவிட்டால் அவன் நாட்டை விட்டே போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும்” என்றான் மன்னன்.

பூவராகன் யானைக் கொட்டடிக்குப் போய் அதன் தும்பிக்கையைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தான். பிறகு துள்ளி எழுந்து ஓடினான்.

மாலையில் மன்னன் வந்தபோது அவன் ஓர் அறை வாசலில் சாவியோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே ஒரே கூச்சல்.

“எங்கே அறிவு?”

“உள்ளே இருக்கிறது, மன்னா. தலையை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. தாங்கள் கூப்பிடுவதாகச் சொல்லித் தலைகளோடு வரவழைத்துப் பூட்டிவிட்டேன்.”

மன்னன் கதவில் காதை வைத்தான்.

“அரிசியில் வண்டு விழாமல் இருக்க வேப்பிலைப் பொடி கலந்தேன். அது தப்பா?” இது களஞ்சியத் தலைவர்.

“அடப்பாவி! கவளம் கசக்கிறதே என்று நான் பெருங்காயத்தை அள்ளிப் போட்டேனே!” என்றார் மடப்பள்ளித் தலைவர்.

“யானைக்குப் பசியில்லை என்று நான் அதில் நிலவேம்பு வேறு கலந்தேன்!” என்று வைத்தியர் அலறினார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“எப்படிச் சொல்வது? ஒரு துறையின் செய்தி இன்னொரு துறைக்குப் போகக்கூடாது என்று ஆணை போட்டவர் இதோ நிற்கிறாரே!” என்றார் களஞ்சியத் தலைவர்.

பிறகு விடங்கரின் குரல் மெல்லக் கேட்டது: “எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டால் அமைச்சர் எதற்கு என்று மன்னர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.”

மன்னன் அதற்குமேல் அங்கே நிற்காமல் பூவராகனோடு கொட்டடிக்கு விரைந்தான். நல்ல அரிசி பொங்கி, வெல்லம் சேர்த்து உருட்டச் சொன்னான். யானை சந்தேகத்தோடு முகர்ந்தது. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அடுத்ததற்குத் தும்பிக்கையை நீட்டியது.

மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டான். “அந்த ஆணை இனிச் செல்லாது. அவர்கள் எல்லாரும் தினமும் ஒன்றாக உட்கார்ந்து பேசித்தான் வேலையைத் தொடங்க வேண்டும். உனக்கு வேறு என்ன வேண்டும், கேள்!”

“இந்தச் சாவியைத் தாங்களே வாங்கிக்கொள்ளுங்கள், மன்னா. அமைச்சர் என் பெயரைச் சொல்லிக் கதவை இடிக்கிறார். திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது.”

மன்னன் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே, தானே போய்க் கதவைத் திறந்தான்.