குழாயடியில் அழுத குரல்

இந்தக் கதையை விடுதியில் என் அறைத்தோழி சொன்னாள். அவளுக்கும் வேறு யாரோ சொன்னதுதான். அந்தக் காட்டை நான் பார்த்ததில்லை. கேட்டபடியே எழுதுகிறேன்.

மலைக்கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு காடு. அங்கே காரி என்ற மந்தி தன் குட்டியோடு வாழ்ந்தது. பக்தர்கள் தவறவிடும் தண்ணீர் பாட்டில்களை நரி பொறுக்கி வரும். நரிக்கு மூடி திறக்க வராது. காரிதான் திருகித் திறக்கும். கூலி, இரண்டு மடக்குத் தண்ணீர். மற்ற விலங்குகள் பழம் கொடுத்து வாங்கிக் குடிக்கும். காலி பாட்டில்களைக் காரி பாறை இடுக்கில் எறிந்துவிடும்.

அந்தப் பாறைக்குக் கீழேதான் பழைய குழாய். ஊற்று நீர் அதன் வழியாகக் கல்தொட்டியில் சொட்டிக்கொண்டே இருக்கும். முன்பு எல்லாரும் குடித்தது அங்கேதான். இப்போது ஒருவரும் போவதில்லை. காற்று எழும்போதெல்லாம் அங்கே ஏதோ அழுதது.

"குழாய்த் தண்ணியைத் தொட்டா அந்தப் பேய் தொண்டையைப் பிடிக்கும், தங்கச்சி!" என்றது நரி.

நாளாக நாளாக அழும் குரல்கள் பெருகின.

கோடை வந்தது. கோயில் நடை சாத்தினார்கள். குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. உதடு வெடித்தது.

"நரியண்ணே, ஒரு வாய் தண்ணி!"

"பாட்டில் ஏது? அடுத்த மாசம் வா!"

"அதுவரைக்கும் என் புள்ளை தாங்காதே!"

"அப்போ பேய்கிட்டே போய்க் கேளு!"

காட்டில் எல்லார் தொண்டையும் வறண்டிருந்தது. நரியின் குரல் மட்டும் கரகரக்கவில்லை.

யாரோ பக்தர் தொலைத்த பித்தளைச் செம்பு ஒன்று குட்டியின் விளையாட்டுச் சாமான். காரி அதை எடுத்துக்கொண்டு இறங்கியது. உச்சி வெயில். ஒரு பறவையும் கத்தவில்லை. அழுகை மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

தொட்டி நிறைந்திருந்தது. அதன் ஓரத்தில் நரியின் கால்தடம். ஈரம் காயவில்லை.

காரி மேலே பார்த்தது. பாறை இடுக்கெங்கும் திறந்த வாய்கள். எல்லாம் அதன் பக்கமே பார்த்தன. காற்று வீசியது. அத்தனை வாய்களும் ஒன்றாக அழுதன.

காரி ஒரு பாட்டிலின் வாயை உள்ளங்கையால் பொத்தியது. அந்தக் குரல் நின்றது. கையை எடுத்தது. மறுபடி அழுதது.

செம்பு நிறையத் தண்ணீரோடு காரி குட்டியிடம் திரும்பியது. குட்டி மூச்சுவிடாமல் குடித்துக் கண் திறந்தது.

"அம்மா, அங்கே பேய் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நான்தான் அதை அங்கே போட்டேன்."

நடை திறந்ததும் நரி பாட்டிலோடு வந்தது. "திற, தங்கச்சி!"

"தொட்டியோரம் உன் கால்தடம் பார்த்தேன், அண்ணே! நீ மட்டும் எந்தத் தண்ணி குடிச்சே?"

நரி புதருக்குள் நழுவியது. செம்பு அன்றிலிருந்து குழாயடியிலேயே இருக்கிறது. எல்லாரும் அதில்தான் மொண்டு குடிக்கிறார்கள். ஆனாலும் காற்று வந்தால் பாறை இன்னும் அழுகிறதாம்.

குழாயில் நல்ல தண்ணீர் வரும்போது கையில் ஒரு செம்பு போதும். வாங்கி எறியும் ஒவ்வொரு பாட்டிலும் பேயாகத் திரும்பி வரும்.

இதை எழுதி முடித்த பிறகு, சந்தேகம் தீர, ஒரு காலி பாட்டிலின் வாயோரம் ஊதிப் பார்த்தேன். அழுதது.