சிம்மாசனத்தில் மூட்டைப்பூச்சி

முன்னொரு காலத்தில் மரகத நாட்டை வீரகண்டன் என்ற ராஜா ஆண்டுவந்தார். உட்கார்ந்து ஆண்டார் என்று மட்டும் சொல்ல முடியாது. சிம்மாசனத்துப் பட்டு மெத்தையில் மூட்டைப்பூச்சிகள் குடியேறியிருந்தன. கடி தாங்காமல் ராஜா துள்ளி எழுந்தால், கோபத்தில்தான் எழுகிறார் என்று எதிரே நிற்கும் குடியானவன் மயங்கி விழுவான்.

மந்திரி கூத்தனார் மலைக்குப் போய்ச் செங்கமலம் என்பவளை அழைத்து வந்தார். எலுமிச்சைப்புல்லை அண்டாவில் அவித்து, ஆவியைக் குளிர வைத்துத் தைலம் இறக்குவது அவள் தொழில். சபை நடுவே ஒரு கிண்ணத்தில் பத்து மூட்டைப்பூச்சிகளை விட்டு, தைலத்தைத் தெளித்தாள். கொஞ்ச நேரத்தில் பத்தும் காலை நீட்டிவிட்டன.

"என்னம்மா மந்திரம் இது?" என்றார் ராஜா.

"மந்திரமுமில்ல மாயமுமில்ல, ராசா. ஒரு தைலத்துக்குள்ள பல சத்து கலந்திருக்கு. இதுல பத்துக்கு ஏழு பங்கு எலுமிச்சை வாசம் வர்ற சத்து. பூச்சியைக் கொல்றது அதுதான். மிச்சமெல்லாம் அதுக்குத் துணை."

ராஜா மகிழ்ந்துபோய் ஒரு குடம் தைலம் கேட்டார். வாசனை அதிகாரி சுகந்தராயருக்கோ வயிறு எரிந்தது. தன் அத்தருக்குச் சாகாத பூச்சி மலைக்காரி தைலத்துக்குச் செத்ததே! ஆனால் அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியிலிருந்து வரும் எந்தத் தைலமும் மூன்று நாள் அவருடைய கிடங்கில் பூட்டியிருந்த பிறகே ராஜாவிடம் வரும்.

நான்காம் நாள் மெத்தை முழுக்கத் தைலம் தெளித்தார்கள். ராஜா நம்பி உட்கார்ந்தார். பதினோரு இடத்தில் கடி!

"கூத்தனாரே! நாளை அயல்நாட்டுத் தூதர் வருகிறார். அவர் முன்னால் நான் சொறிந்துகொண்டா நிற்பது? உச்சிப்பொழுதுக்குள் காரணம் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் நீரும் அந்தப் பெண்ணும் நாட்டை விட்டுக் கிளம்பலாம்."

மந்திரி குடம் இருந்த இடத்துக்கு ஓடினார். தன்னை நம்பி மலையிறங்கியவளுக்கு இந்தக் கதியா? குடத்தை முகர்ந்து பார்த்தார். வாசனையில் குறையில்லை. செங்கமலம் அதில் விரலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்து, அவர் காதில் ஏதோ சொன்னாள். மந்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அரசே, இது நல்ல தைலந்தானா என்று சுகந்தராயரே சொல்லட்டும். அவர் மூக்குக்கு மிஞ்சிய மூக்கு ஏது?"

சுகந்தராயர் மனம் குளிர்ந்துபோனார். "கலப்படமில்லாத அசல் தைலம், அரசே. பூச்சிக்குத்தான் பிடிக்கவில்லை போலும்!"

"கிடங்குச் சாவி வேறு யாரிடமாவது போயிருக்குமோ?"

"என் இடுப்பை விட்டு இறங்காத சாவி ஐயா அது! என் நிழல்கூட உள்ளே போகாது."

"அது போதும்" என்ற மந்திரி, இரண்டு வெள்ளைத் துணிகளை வரவழைத்தார். செங்கமலத்தின் சொந்தக் குப்பியிலிருந்து ஒன்றில் ஒரு சொட்டு, அரண்மனைக் குடத்திலிருந்து மற்றொன்றில் ஒரு சொட்டு. இரண்டையும் முற்றத்து வெயிலில் விரித்துவிட்டு வந்து வெற்றிலை போட்டார்.

பொழுது உச்சிக்கு வந்ததும் ராஜாவே போய் எடுத்துப் பார்த்தார். ஒரு துணியில் சொட்டு விழுந்த தடமே இல்லை. குடத்துச் சொட்டு விழுந்த துணியில் பளபளவென்று எண்ணெய்க் கறை.

"எங்க தைலம் காத்தோட முழுசாப் போயிரும், ராசா. செக்கு எண்ணெய்தான் போகாம ஒட்டிக்கிட்டுக் கிடக்கும்" என்றாள் செங்கமலம். "ஒரு பங்கு தைலத்துல ஒன்பது பங்கு தேங்காயெண்ணெய ஊத்துனாலும் மூக்கு ஏமாந்துரும். பூச்சி ஏமாறுமா?"

ராஜா மெல்லத் திரும்பினார். "சுகந்தராயரே, உம் நிழல்கூட நுழையாத கிடங்கில் தேங்காயெண்ணெய் எப்படி நுழைந்தது?"

சுகந்தராயர் இடுப்புச் சாவியை அவிழ்த்து ராஜாவின் காலடியில் வைத்தார்.

செங்கமலத்தின் குப்பி மெத்தைக்குப் போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலமே ராஜா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "அம்மா, உன்னைச் சந்தேகப்பட்டது என் தப்பு. இனி நீதான் வாசனை அதிகாரி" என்று சாவியை நீட்டினார்.

"வேணாம் ராசா. அங்க புல்லு முத்தி நிக்குது, அறுக்கத்தான் ஆளில்ல."

ராஜா சுகந்தராயரைப் பார்த்தார். சபையே அவரைப் பார்த்தது.

அந்தப் பருவம் முழுக்கச் சுகந்தராயர் மலையில் புல் அறுத்து, அண்டாவுக்குத் தீயும் தள்ளினார். இறக்கிய தைலத்தை நாள் தவறாமல் முகர்ந்து தரமும் சொல்வார். செங்கமலம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். கேட்டுவிட்டு, அவர் கண்ணெதிரிலேயே துணியில் ஒரு சொட்டு விட்டு வெயிலில் காயப்போடுவாள்.