வரலாறு தெரியாத ஆள் தேவை

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். தாவரவியல் இரண்டாம் ஆண்டு இசக்கிராஜாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

மரகதவல்லிக்கு அன்று அவன் புளுகைக் கேட்டுச் சிரிக்க நேரமில்லை. அவள் வரலாறு மூன்றாம் ஆண்டு. பிறவியிலேயே கண் தெரியாது. தேர்வில் அவள் விடை சொல்லச் சொல்ல, வேறொரு மாணவர் எழுதித் தர வேண்டும். மறுநாள் காலை கடைசித் தேர்வு. இதுவரை எழுதித் தந்த பெண்ணுக்கு அம்மை போட்டுவிட்டது. நான்கு மணிக்குள் வேறு ஆளைத் தேர்வு அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தாவிட்டால், அந்த ஒரு தாளுக்காக அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியதுதான். நாட்டு நலப்பணித் திட்ட அறையில் உட்கார்ந்து, தோழி ஜெயசீலி ஆள் ஆளாகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். மணி மூன்று.

"போனை வைங்கக்கா. நான் எழுதுதேன்" என்று உள்ளே வந்தான் இசக்கிராஜா.

"வேகமா எழுதுவியால?" என்றாள் ஜெயசீலி.

"போன செமஸ்டர்ல நான் எழுதின வேகத்துல பேனா பழுத்துப்போச்சு. பக்கத்துல ஒரு வாளித் தண்ணிய வச்சுக்கிட்டு, முக்கி முக்கி எழுதினேன்."

"ஆவி வந்திருக்குமே" என்றாள் மரகதவல்லி.

"வந்துச்சுக்கா. ஹால்ல பாதிப் பேருக்கு ஜலதோஷம் தீந்துபோச்சு."

புளுகு ஏற ஏற அவன் குரலும் கொஞ்சம் உயரத்திலிருந்து வந்தது. குதிகாலைத் தூக்குகிறான் என்று மரகதவல்லி கணித்துக்கொண்டாள்.

"காது நல்லாக் கேக்குமா?"

"நீங்க விடை சொல்லவே வேண்டாம். மூச்ச இழுத்தாப் போதும், என்ன சொல்லப்போறியன்னு எழுதிருவேன். ஒருதடவை ஒரு அண்ணனுக்கு எழுதினேன். அவரு மறுநாள் யோசிக்கப்போறதையும் சேத்து எழுதிட்டேன்."

மரகதவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருக்கிற நேரத்துக்கு இவன்தான் கிடைப்பான். "இவன் பேரையே எழுதிரு, ஜெயா."

அதோடு அவன் வாயை மூடியிருக்கலாம். மூடினால் அவன் இசக்கிராஜா இல்லையே.

"வரலாறுன்னா எனக்குத் தண்ணி பட்ட பாடு. கிராமத்து முகாம்ல பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுத்தேன்லா, வெளியில கட்டிக்கிடந்த ஆடு அதக் கேட்டுக்கேட்டே படிச்சிட்டுது. பானிப்பட்டுல எத்தனை போர்னு கேட்டா, மூணு தடவை கத்தும்."

"பிளாசிப் போர்?" என்றாள் மரகதவல்லி.

"ஒரே தடவைதான் கத்தும். கத்திட்டு மூஞ்சியத் திருப்பிக்கிடும். சூழ்ச்சி நடந்த இடம்லா."

ஜெயசீலியின் பேனா நின்றுவிட்டது.

"என்ன ஜெயா?"

"பாடம் தெரிஞ்சவன் எழுதக் கூடாதுல்லா, மரகதம். நமக்குப் பதிலா அவனே விடையப் போட்டிருவான்னு தானே வேற துறை ஆளைக் கேக்காவ. இவன் ஆபீஸ்ல போயி ஆட்டுக் கதையச் சொன்னாம்னா, உடனே திருப்பி அனுப்பிருவாவ."

ஏப்ரல் மரகதவல்லியின் கண்முன் வந்து நிற்க முடியாது. காதருகே வந்து நின்றது.

இசக்கிராஜா தொண்டையைச் செருமினான்.

"அக்கா, வரலாறு தெரியாததுல எனக்கு நிகர் நான்தான்."

குரல் மறுபடி உயரத்திலிருந்து வந்தது.

"சொல்லு பாப்போம். அசோகர் யாரு?" என்றாள் மரகதவல்லி.

"அசோகா மரம்தான் தெரியும். நெட்டையா வளரும். மரியாதைக்கு 'ர்' போட்டுச் சொல்லுதாவன்னு நெனச்சேன்."

"பானிப்பட்டு?"

"பட்டுச்சேலைலா. காஞ்சிபுரத்துக்கு அங்கிட்டு எங்கயோ நெய்யுறது. ஆடித் தள்ளுபடியில எடுக்கப் போயி மூணு தடவை அடிதடி ஆயிருக்கு."

ஜெயசீலி மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

"அது மட்டுமா? நான் பக்கத்துல உக்காந்தா மத்தவனுக்கும் மறந்துபோவும். பள்ளிக்கூடத்துல எங்க வரலாறு சார் எனக்கு ஒரு வருசம் பாடம் எடுத்தாரு. கடைசியில அவரு பிறந்த தேதியவே அவங்க அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்லுவாரு."

"எனக்கு மறந்திரக் கூடாதுல" என்றாள் மரகதவல்லி.

"நாளைக்குக் கொஞ்சம் தள்ளி உக்காருதேங்க்கா."

மூன்று ஐம்பதுக்கு மூவரும் தேர்வு அலுவலகத்தில் நின்றார்கள். தேர்வுப் பொறுப்பாளர் வரலாற்றுத் துறையின் மூத்த பேராசிரியை. படிவத்தை அவர் மெதுவாகப் படிப்பது, தாள் திரும்பும் சத்தத்திலேயே தெரிந்தது.

"இந்தப் பையனுக்குப் பாடம் தெரியாதுன்னு எப்படி நம்புறது?" என்றார் அவர்.

"முதல்ல தெரியும்னு சொன்னான் மேடம், பொய்" என்றாள் மரகதவல்லி. "அப்புறம் தெரியாதுன்னான். அதுலயும் பாதி பொய்தான். ஆனா தெரியாதுங்கறத மட்டும் சொல்லும்போது அவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கல."

பேராசிரியை அவன் பக்கம் திரும்பினார். "நிஜமாவே ஒண்ணும் தெரியாதா?"

இசக்கிராஜாவின் செருப்பு தரையில் மெல்லக் கிறீச்சிட்டது. குதிகால் எழும்பிவிட்டது.

"மேடம், வரலாறு தெரியாதவங்கன்னு இந்தக் கல்லூரியில ஒரு வரிசை போட்டா, முதல் ஆளு நான்தான்."

பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. கையெழுத்துப் போட்டபடியே அவர் சொன்னார்:

"முப்பது வருசமா விடைத்தாள் திருத்துறேன், தம்பி. அந்த வரிசையில உனக்கு முதல் நூறுல கூட இடம் கிடைக்காது."