அன்னத்தாய் போட்ட கோடு

“மூணு எல்பி, யக்கா. மூணும் ஸ்டம்புக்கு நேர் முன்னால. அம்பயர் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கான்.”

தண்ணீர் இடைவேளை. சேர்மக்கனிக்கு மூச்சிரைத்தது. வயசு முப்பத்தைந்து. பதினோரு வருஷமாக லீக் ஆட்டங்களில் பந்து போடுகிறான். மாவட்ட அணியில் ஒருதடவைகூடப் பெயர் வந்ததில்லை.

அன்னத்தாய் வாளியில் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தாள். மைதானத்துக்கு ரோலர் இழுப்பவள், கோடு போடுபவள். அவனைவிட நாலு வயசு மூத்தவள். அவனுக்குப் பந்துவீச்சு சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். பிட்சில் செங்கல் பொடியால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் போடுவாள். “இதுல போடு” என்பாள். பாடம் அவ்வளவுதான்.

“ஏல, மட்டை பிடிக்கது யாரு?”

“சங்கத் தலைவர்.”

எதிரணிக் கேப்டனும் அவரே. மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவரும் அவரே. ஐம்பது ரன் அடிக்கும்வரை அவருக்கு அவுட் கிடையாது. எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

“ஸ்டம்பைச் சாச்சா அம்பயர் எதுக்கு?” என்றாள்.

அடுத்த ஓவரிலேயே சாய்த்தான்.

“நோ பால்!”

ஸ்டம்பு சாய்ந்த பிறகுதான் அம்பயர் கத்தினார்.

சாப்பாட்டு இடைவேளையில் மறுபடி அவளிடம் வந்தான்.

“கால் கோட்டுக்கு உள்ளதான் இருந்துச்சு, யக்கா.”

“எவ்வளவு உள்ள?”

“ரெண்டு விரக்கடை.”

“பத்தாது.”

வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். கோட்டுக்கு ஒன்றரை அடி பின்னால் இன்னொரு கோடு போட்டாள். திரும்பி வந்துவிட்டாள்.

“என்னம்மா இது, புதுக் கோடு?” என்றார் அம்பயர்.

“கை தவறிட்டு, சார். காயட்டும், அழிச்சிருதேன்.”

ஆட்டம் தொடங்கியது. தலைவர் நாற்பத்து நாலில் இருந்தார். சேர்மக்கனியைக் கிட்டே கூப்பிட்டுக் கால்சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

“மாவட்ட டீம் லிஸ்ட் இங்கதான் இருக்கு, தம்பி. கடைசிப் பேரு மட்டும் இன்னும் எழுதல. எனக்கு ஆறு ரன்னு வேணும். ரெண்டு லூஸ் பால் போடேன், என்ன கெட்டுப்போச்சு?”

சேர்மக்கனி பந்தைக் கால்சட்டையில் தேய்த்தான். எல்லைக் கோட்டைத் திரும்பிப் பார்த்தான். அன்னத்தாய் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் பக்கம் பார்க்கவேயில்லை.

ஓடி வந்தான்.

கால் புதுக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றியது. நடு ஸ்டம்பு இரண்டாக முறிந்தது. ஒரு துண்டு கீப்பர் காலடியில் போய் விழுந்தது.

அம்பயர் குனிந்து கால் தடத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“டெட் பால். கணக்குல சேராது. நான் ரெடியா இல்ல.”

தலைவர் மட்டையைத் தரையில் தட்டினார். “யாராவது ஸ்டம்பை மாத்துங்கப்பா.”

அன்னத்தாய் வந்தாள். கையில் சுத்தியல், கக்கத்தில் நாலு ஸ்டம்பு. ஒன்றை நட்டு, நாலு அடி அடித்து இறக்கினாள்.

“கடைசிப் பேரும் போச்சே, யக்கா” என்றான் மெதுவாக.

அவள் மெதுவாகப் பேசவில்லை. தலைவர் காதில் நன்றாக விழும்படியே சொன்னாள்.

“எங்கிட்ட இன்னும் மூணு இருக்குல. ஒடச்சிட்டு வா.”