வார்டில் ஒரு நாற்காலி

வேம்படிப்பட்டி ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் உண்டா இல்லையா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். ஊரே சன்னலில் தொத்திக்கொண்டு நின்றது.

பொறியாளர் தணிகாசலம் கலெக்டரம்மாவோடு வார்டுக்குள் வந்தார். மேலே கூரையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. "வெள்ளையடித்தால் போதும் மேடம். இன்னும் இருபது வருஷம் தாங்கும். தாங்காது என்றால், நான் கையெழுத்துப் போடுவதற்குள் யாராவது நிரூபிக்கட்டும்."

வார்டு ஆயா முத்துப்பேச்சி, "உக்காந்து போடுங்கய்யா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். தரையில் சாக்பீஸால் வரைந்த வட்டங்கள் நிறைய இருந்தன. அதில் ஒன்றுக்குள் போட்டாள்.

அவர் உட்கார்ந்து பேனாவைத் திறந்ததும் ஃபைல்மேல் பொலபொலவென்று மண் கொட்டியது. பக்கத்து வட்டத்துக்கு மாற்றினாள். அங்கே கையளவு காரை பெயர்ந்து அவர் தோளில் விழுந்தது.

துள்ளி எழுந்தார். "என்னம்மா வட்டம் இது?"

"காரை விழுந்த இடமெல்லாம் குறிச்சு வச்சிருக்கோம்யா."

"அப்போ வட்டம் இல்லாத இடத்தில் போடு!"

முத்துப்பேச்சி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வார்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"அங்கெல்லாம் நோயாளிங்க கட்டில் கிடக்குய்யா. யாரை எழுப்பட்டும்?"

கலெக்டரம்மா ஃபைலுக்குக் கையை நீட்டினார்.