வாலால் பெட்ரோல் அளந்த நீர்நாய்

நீர்நாய் பரஞ்சோதிக்குத் தன் வாலின் மேல் அலாதிப் பெருமை. நீந்தவும் திரும்பவும் உதவுகிறது என்பதற்காக மட்டும் இல்லை. அந்த வாலால்தான் அது தன் மோட்டார் படகின் டாங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று அளந்து பார்க்கும்.

விடிந்ததும் ஆற்றில் ஒரு முங்கு. சொட்டச் சொட்டக் கரையேறி, டாங்கின் மூடியைத் திறந்து, வாலை உள்ளே விடும். வெளியே எடுத்துப் பார்த்து, "அரை டாங்க் இருக்கு! ஏறுங்க, ஏறுங்க!" என்று கத்தும்.

வாலோடு கொஞ்சம் ஆற்றுத் தண்ணீரும் உள்ளே போகும். அதனால் என்ன? பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாது. தண்ணீர் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். டாங்கின் அடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. தினமும் அதைத் திறந்து ஒரு கை தண்ணீரை வெளியே விட்டுவிட்டால், படகு சமர்த்தாக ஓடும்.

கரைக்கும் நடு ஆற்றுத் திட்டுக்கும் போய்வர அந்தக் காட்டில் இருந்தது இந்த ஒரு படகுதான். அதற்கான பெட்ரோலைத் தொலைதூரப் பாலைவனத்திலிருந்து ஓர் ஒட்டகம் சுமந்து வரும். வரும் என்றால், அதற்கு மனம் இருந்தால் வரும். வந்தாலும் கழுத்தை வானத்துக்கு நீட்டிக்கொண்டு, "இந்த வாட்டி நாலு குடம்தான். இஷ்டம்னா எடுத்துக்கோங்க!" என்று அலட்டும்.

இந்த அலட்டல் கரடி குப்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. யானைகள் தின்று மிஞ்சிய கரும்பையெல்லாம் வாரிக்கொண்டு வந்தது. சாறு பிழிந்தது, புளிக்க வைத்தது, பானையில் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தது.

"என்னடா இது, சாராயமா?" என்று காட்டுப்பன்றி மூக்கைச் சுளித்தது. எதிலாவது குற்றம் கண்டுபிடிக்காவிட்டால் அதற்குக் கிழங்கு தொண்டையில் இறங்காது.

"எத்தனால்! குடிக்கிறதுக்கு இல்ல, எஞ்சினுக்கு! நாலு குடம் பெட்ரோல்ல இதை ஒரு குடம் கலந்தா அஞ்சு குடமாயிரும்!" என்றது கரடி.

கலந்து ஓட்டினார்கள். அடடா! கறுப்புப் புகை குறைந்தது. மீன்கொத்திகளின் இருமல் நின்றது. எஞ்சினுக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த 'டக் டக்' சத்தமும் அடங்கியது. கரடி இரண்டு காலில் நின்று ஆடியது.

ஆனால் எல்லாம் இனிப்பாகவே இல்லை. ஒரு டாங்குக்கு இருபது நடை போன படகு இப்போது பத்தொன்பதுதான் போனது. பழைய ரப்பர் குழாய் ஊறி, உப்பி, ஒழுக ஆரம்பித்தது.

அந்தக் காட்டுக்கு மெக்கானிக் மரங்கொத்திதான். எஞ்சினை அலகால் நாலு தட்டுத் தட்டியே வியாதியைச் சொல்லிவிடும்.

"எத்தனாலுக்கு இந்தப் பழைய ரப்பர் தாங்காது" என்று சொல்லி வேறு குழாய் மாட்டியது. "இன்னொண்ணு பரஞ்சோதி! இந்த எத்தனால் தண்ணியைக் கண்டா விடாது. மூடியை இறுக்கி மூடு. ஈரம் படாம பார்த்துக்க."

"சரிண்ணே, சரிண்ணே!" என்றது நீர்நாய். ஈரத்திலேயே பிறந்து வளர்ந்த பிராணிக்கு ஈரம் எது என்று எப்படித் தெரியும்? மறுநாளும் சொட்டச் சொட்ட வந்து வாலை விட்டது.

அடித் திருகைத் திறந்து பார்த்தது. தண்ணீரே வரவில்லை! அடுத்த நாளும் வரவில்லை.

"குப்பாண்டியண்ணே! உங்க சரக்கு தண்ணியையே குடிச்சிருதுண்ணே! இனிமே திருகைத் திறக்குற வேலையே இல்ல!"

கரடிக்குத் தலைகால் புரியவில்லை. "பின்னே? காய்ச்சினது யாரு!"

எத்தனால் தண்ணீரைக் குடித்தது உண்மைதான். ஆனால் எந்த வயிற்றுக்கும் ஓர் அளவு உண்டு. அதை இரண்டும் யோசிக்கவில்லை.

ஐப்பசி பிறந்தது. மழை வந்தது, ஒட்டகம் வரவில்லை. ஒரு நாள் காலையில் மழை விட்டிருந்தது, ஆனால் குளிர் நடுக்கியது. ஆற்றில் வெள்ளம் ஏறி வந்தது. திட்டில் முயல் செங்கமலம் தன் ஏழு குட்டிகளோடு குடியிருந்தது.

"பரஞ்சோதி! வளைக்குள்ள தண்ணி வந்துருச்சு! சீக்கிரம் வாப்பா!" என்று அது அலறியது.

நீர்நாயும் கரடியும் மரங்கொத்தியும் படகில் தாவி ஏறின. எதற்கும் இருக்கட்டும் என்று, தேன்மெழுகால் வாயடைத்த மிச்சமிருந்த ஒரு குடம் கலவையையும் கரடி தூக்கிக்கொண்டது. "போங்க, போங்க. பாதி வழிகூடத் தாண்டாது!" என்று பன்றி கரையிலிருந்து வாழ்த்தி அனுப்பியது.

படகு நடு ஆற்றில் இரண்டு முறை இருமியது. பிறகு நின்றேவிட்டது.

நீர்நாய் கயிற்றை இழுத்தது. 'டுர்ர்...' மறுபடி இழுத்தது. 'டுர்...' அவ்வளவுதான். வெள்ளம் படகை இழுத்துக்கொண்டு போனது. அங்கே திட்டில் செங்கமலம் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி ஒரு பாறை மேல் ஏற்றிக்கொண்டிருந்தது. அதுவும் சின்னப் பாறை.

"நான் சொல்லல? கரடி சரக்கு காலை வாரிருச்சு!" என்று பன்றி கூவியது.

கரடிக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை. ஆற்றின் மேல் சாய்ந்திருந்த நாவல் கிளையை எட்டிப் பிடித்து, கால்களால் படகை இறுக்கி நிறுத்தியது. "சீக்கிரம் பாரு மரங்கொத்தி! என் கை பிஞ்சிரும்போல இருக்கு!"

மரங்கொத்தி அடித் திருகைத் திறந்து கண்ணாடிச் சீசாவில் பிடித்தது. சீசாவுக்குள் இரண்டு பாகம் தெரிந்தது. நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது.

"மேல நிக்கிறது பெட்ரோல். கீழ எத்தனாலும் தண்ணியும்! கொள்ளுற வரைக்கும் குடிச்சிருக்கு. குளிர் வந்ததும் தாங்காம, தண்ணியைக் கட்டிக்கிட்டு அடியில எறங்கிருச்சு. எஞ்சின் அதைத்தான் உறிஞ்சியிருக்கு. டாங்குக்குள்ள இவ்வளவு தண்ணி எப்படிப் போச்சு?"

நீர்நாய் தன் வாலைப் பார்த்தது. அதிலிருந்து அப்போதும் ஒரு சொட்டு விழுந்தது.

"நான்தாண்ணே..." என்றது.

"திட்டுறது அப்புறம்! மொதல்ல அடியில நிக்கிறதை வடிக்கணும்!" என்றது மரங்கொத்தி.

சீசாவில் கோடு மறையும் வரை மரங்கொத்தி டாங்கை வடித்தது. குழாயில் நின்றதையும் வழித்து விட்டது. நீர்நாய் குடத்தைத் தொடப் போனது.

"கையைத் துடைடா!" என்று இரண்டும் ஒரே குரலில் கத்தின.

எதில் துடைப்பது? படகில் காய்ந்திருந்த இடம் கரடியின் அக்குள் ஒன்றுதான். நீர்நாய் அதில் கையைத் துடைத்தது. கரடிக்குக் கூச்சம் தாங்கவில்லை. "ஐயோ, விடுடா! ஹ்ஹ ஹா! கிளையை விட்டுருவேன்டா!" என்று நெளிந்தது. ஆனால் கிளையை விடவில்லை.

நீர்நாய் வாலைத் தூக்கி வாயில் கவ்விக்கொண்டு கலவையை ஊற்றியது. கயிற்றை இழுத்தது.

'டுர்ர்ர்ர்ர்!'

படகு பாறையை நெருங்கியபோது செங்கமலத்துக்கு வயிறு வரை தண்ணீர். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு குட்டிகளும் கரடியின் மடியில் குதித்தன. கடைசியாகத் தாயும் தாவியது. கரையில் நின்ற மான்களும் குரங்குகளும் போட்ட கூச்சலில் வெள்ளத்தின் இரைச்சலே கேட்கவில்லை.

கரை சேர்ந்ததும் பன்றி முன்னால் வந்தது. "மொதல்ல அந்தக் காய்ச்சுற பானையை உடைங்க! எட்டு உசுரு போயிருக்கும்!"

செங்கமலம் நனைந்த காதுகளை உதறிவிட்டு நிமிர்ந்தது. "ஒட்டகம் வந்து ரெண்டு மாசமாச்சு. நாலு குடத்தை அஞ்சாக்கினதாலதான் இன்னைக்கு டாங்க்ல ஏதோ இருந்துச்சு. அந்தப் பானை இல்லேன்னா படகே கெளம்பியிருக்காது. என் புள்ளைங்களை நீயா முதுகுல தூக்கிட்டு வந்திருப்ப?"

பன்றி பின்னால் நகர்ந்து கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டது.

"பானை மேல தப்பில்ல, என் வால் மேலதான் தப்பு" என்று நீர்நாய் எல்லார் முன்னாலும் சொன்னது.

"என் மேலயும் தப்பிருக்கு" என்றது கரடி. "நல்லதை மட்டும் கொட்டி முழக்கினேன். ஆகாததையும் சொல்லியிருக்கணும்."

அன்றே மூங்கிலில் கோடு போட்டு ஓர் அளவுகோல் செய்தார்கள். அதை மரப்பொந்தில் ஈரம் படாமல் வைத்தார்கள். செங்கமலத்தின் மூத்த குட்டி அதைத் தொட்டுப் பார்த்து, "காஞ்சிருக்கு!" என்று சொன்னால்தான் மூடி திறக்கும். சொல்லாவிட்டால் நீர்நாய் கைகட்டி நிற்கும். ஒட்டகமும் ஒருவழியாக வந்து சேர, படகு மழைக்காலம் முழுக்க ஒரு நாள்கூட நிற்காமல் ஓடியது.

எந்தப் பொருளையும் நல்லதென்று தலையில் தூக்கி ஆடவும் வேண்டாம், கெட்டதென்று தூக்கி எறியவும் வேண்டாம். அதன் குணமறிந்து கையாள்பவனுக்கே அது துணை நிற்கும்.